கிராம சபையும் வீடியோ காமிராவும்

கிராம சபை நடவடிக்கைகளை வீடியோப் படமாக எடுத்து வைக்கும் வழக்கம் நம் ஊராட்சிகளில் பரவி வருகிறது. தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டு முதல் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாளாகிய மார்ச்சு 22, மே நாள், சுதந்தர நாள், காந்தியடிகள் பிறந்த நாள், உள்ளாட்சி நாளாகிய நவம்பர் 1 என்னும் இந்த ஆறு நாட்களிலும் கூட்டத்தின் நடுவே யாரேனும் ஒருவர் காமிராவும் கையுமாக நிற்பதைக் காணலாம். நல்ல வழக்கமே. ஆயின் எடுத்த படத்தை மறுபடி போட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், விடை அவ்வளவு மகிழ்ச்சி தருவதாக இராது.

நாம் பணிபுரியும் ஒன்றியத்தில் இத்தகைய படங்கள் பலவற்றைப் பொறுமையுடன் உட்கார்ந்து பார்த்தோம். பெரும்பாலானவற்றில் மேடை தெரிகிறது. மேடை மீதிருப்போர் தெரிகின்றனர். பொன்னாடை போர்த்துவது மிக நன்றாகத் தெரிகிறது. பின் வரிசையிலிருந்து ஒரு மூதாட்டி எழுந்து, கையை நீட்டி ஏதோ சொல்கிறார். குடிநீர்க் குழாயைப் பற்றியா, முதியோர் ஓய்வூதியத்தைப் பற்றியா, சுடுகாட்டுப் பாதையைப் பற்றியா, ஒன்றும் விளங்கவில்லை. காற்றின் இரைச்சல் கேட்கிறது. அருகில் நின்ற இருவர் நெல் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டது தெளிவாகக் கேட்கிறது. அம்மூதாட்டி சொன்னது தீர்மானப் புத்தகத்திலும் ஏறவில்லை. அவர் அன்று அங்கு வந்ததற்குச் சான்று உண்டு. வந்து சொன்னதற்குச் சான்று எங்குமே இல்லாமற் போயிற்று.

ஆகவே இக்கட்டுரையில் காமிராவைப் பற்றிச் சொல்ல வந்த நாம், காதைப் பற்றியே மிகுதியாகச் சொல்லப் போகிறோம். கிராம சபைப் படத்தில் உருவம் சற்று மங்கினாலும் குற்றமில்லை. பேச்சு கேட்காவிடில் அப்படத்தினால் பயன் யாதுமில்லை.

இதற்கு இப்போது வேறொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் 2025 ஆகஸ்டு 14-ஆம் நாள் ‘சபாசார்’ என்னும் கணினிச் சாதனத்தை வெளியிட்டது. கூட்டத்தின் ஒலிப்பதிவையோ வீடியோப் பதிவையோ அதனிடம் கொடுத்தால், செயற்கை நுண்ணறிவின் துணையால் பேச்சை எழுத்தாக்கி, நடவடிக்கைக் குறிப்பை அதுவே வரைந்து தரும். எழுதுவோரின் சிரமத்தைக் குறைக்கும் ஏற்பாடுதான். ஆனால் மனிதச் செவிக்கே எட்டாத பேச்சை எந்த இயந்திரமும் எழுதித் தராது. பதிவில் ஒலிபெருக்கியில் பேசியவரின் குரல் மட்டும் இருந்தால், குறிப்பிலும் அவர் மட்டுமே இருப்பார். பின் வரிசையில் இருந்தவர் முன்பு ஒரு முறை விடுபட்டார். இனி இரண்டு முறை விடுபடுவார்.

எந்தக் காமிரா வாங்கலாம்?

“செல்போன் இருக்கிறதே ஐயா, தனியாகக் காமிரா எதற்கு?” என்று உறுப்பினர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. அரை மணி நேர வேலைக்குச் செல்போன் போதும். மூன்று மணி நேரம் நடக்கும் கூட்டத்திற்கு அது போதாது. வெயிலில் சூடேறி நின்றுவிடும். இடையில் அழைப்பு வரும். தொலைவிலுள்ளதை அண்மையில் காட்டும் ஆற்றல் குறைவு. கல்யாண வீடுகளில் நிழற்படம் எடுக்கும் பெரிய காமிராக்களிலும் வீடியோ எடுக்கலாமெனினும், அவற்றுள் பழைய வகைகள் பல 29 நிமிடம் 59 விநாடியில் தாமே நின்றுவிடும். ஐரோப்பாவில் முப்பது நிமிடத்திற்கு மேல் பதிவு செய்யும் கருவிக்குத் தனிச் சுங்க வரி விதிக்கப்பட்டு வந்ததே அதற்குக் காரணம். அங்கு வரிக்கு அஞ்சிச் செய்த ஏற்பாடு, இங்கு நம் கூட்டத்தின் பாதியை விழுங்கிவிடும். எடுப்பவர் அதைக் கவனியாமலும் இருந்துவிடுவார்.

வீடியோவுக்கென்றே அமைந்த காமிரா, அதாவது காம்கார்டர், இக்குறைகள் இல்லாதது. அதை வாங்கும்போது கடைக்காரர் ஜூமின் பெருமையைத்தான் முதலில் சொல்வார். டிஜிட்டல் ஜூம் என்பதை நம்ப வேண்டா. அது படத்தின் ஒரு பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதே. ஆப்டிகல் ஜூம் எத்தனை மடங்கு என்று கேளுங்கள். அதற்கு முன், காமிராவின் பக்கவாட்டைத் திருப்பிப் பார்த்து, வெளி மைக்கைச் செருகும் துளையும், ஹெட்போன் செருகும் துளையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இவ்விரு துளைகளும் இல்லாத காமிரா எவ்வளவு மலிவாயினும் ஊராட்சிக்கு உதவாது.

படத்தின் தரத்தைப் பற்றி ஒரு சொல். 2006-இல் சோனி, பானசோனிக் ஆகிய நிறுவனங்கள் வகுத்த ஏ.வி.சி.எச்.டி. என்னும் முறையில், நல்ல தரத்தில் விநாடிக்கு 24 மெகாபிட் பதிவாகிறது. அதாவது விநாடிக்கு 3 மெகாபைட்; ஒரு மணிக்கு 10.8 கிகாபைட். 64 கிகாபைட் கொண்ட ஒரு மெமரி கார்டில் ஐந்தரை மணிக்கு மேல் எடுக்கலாம். 4-கே என்னும் உயர்ந்த தரத்தில் விநாடிக்கு 100 மெகாபிட் வைத்து எடுத்தால், அதே கார்டு ஒன்றரை மணிக்குள் நிரம்பிவிடும். கிராம சபைக்கு 4-கே வேண்டுவதில்லை. அதற்குச் செலவிடும் பணத்தை மைக்கில் செலவிடுங்கள்.

காமிராவின் அமைப்புகளில் 50 என்றும் 60 என்றும் இரு முறைகள் காணப்படும். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று உடையது. ஆகையால் 50-ஐயே தேர்ந்து, ஷட்டர் வேகத்தை 50-இல் ஒரு பங்காகவோ 100-இல் ஒரு பங்காகவோ வைத்தால், சமுதாயக் கூடத்தின் குழல் விளக்கொளி படத்தில் துடிக்காது.

பேச்சைப் பிடிக்கும் வழி

ஒலியின் இயல்பு ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். திறந்த வெளியில், பேசுபவருக்கும் மைக்குக்கும் உள்ள தொலைவு இரு மடங்கானால் ஒலியின் அளவு 6 டெசிபெல் குறையும். ஓரடி தொலைவில் நன்கு கேட்ட குரல், பதினாறு அடிக்கு அப்பால் போகும்போது 24 டெசிபெல் குறைந்துவிடுகிறது. ஆனால் சுற்றிலுமுள்ள காற்று, குழந்தைகள், சாலையில் போகும் டிராக்டர் ஆகியவற்றின் ஒலி குறைவதில்லை. காமிராவிலேயே பதித்துள்ள மைக் நாற்பது அடிக்கு அப்பாலுள்ள பேச்சைப் பிடிக்க இயலாமற் போவது இதனால்தான். ஜூம் முகத்தை அண்மையில் கொண்டுவரும், குரலைக் கொண்டுவராது.

ஆகவே மைக் பேசுபவரிடம் செல்ல வேண்டும். நாம் கண்டவரை சிறந்த ஏற்பாடு, கம்பியில்லா மைக் ஒன்றை ஊர் இளைஞர் ஒருவர் கையில் கொடுத்து, எழுந்து நிற்பவரிடமெல்லாம் அவரை ஓடச் செய்வதுதான். மகளிர் குழுவைச் சேர்ந்த பெண் ஒருவரிடம் கொடுத்தால் இன்னும் நன்று; பெண்கள் கூச்சமின்றி வாங்கிப் பேசுகின்றனர். மைக்கின் ஒலிவாங்கும் பெட்டி காமிராவின் மைக் துளையில் இருக்கும். மைக்கை வாய்க்கு ஒரு சாண் கீழே பிடிக்கச் சொல்லுங்கள். சட்டையில் குத்தும் சிறு மைக்காயின், அது புடவைத் தலைப்போடும் கழுத்துச் சங்கிலியோடும் உரசாமலிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம். ஓர் உரசல் ஒரு முழு வாக்கியத்தை அழித்துவிடும்.

கம்பியில்லா மைக் இல்லாத ஊராட்சி என்ன செய்வது? கூட்டத்திலுள்ள செல்போன்களையே ஒலிப்பதிவுக் கருவிகளாக்கிக்கொள்ளலாம். அழைப்பு வராதபடி விமானப் பயண நிலையில் வைத்து, ஒலிப்பதிவை ஓடவிட்டு, ஒன்றை மேடை மேசையிலும், ஒன்றைப் பெண்கள் அமர்ந்துள்ள இடத்தின் நடுவிலும், ஒன்றைக் கடைசி வரிசையிலும் வைத்துவிடுங்கள். பதிவு தொடங்கியதும் எல்லாருக்கும் தெரியும்படி காமிராவின் முன் ஒருவர் கையை ஓங்கி ஒரு முறை தட்டட்டும். படத்தில் கைகள் சேரும் கணமும், ஒவ்வொரு செல்போனிலும் ‘டப்’ என்று கேட்கும் கணமும் ஒன்றே. பின்னர்க் கணினியில் படத்தையும் ஒலியையும் அவ்விடத்தில் பொருத்திவிடலாம். சினிமாக்காரர்கள் பலகையைத் தட்டுவதும் இதற்காகவே. செலவு ஏதுமில்லை.

மைக் செட் வைத்த கூட்டமாயின், ஆம்பிளிஃபயரிலிருந்தே நேரே ஒலியை எடுக்கலாமே என்று தோன்றும். எடுக்கலாம், ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஆம்பிளிஃபயரின் லைன் அவுட் துளையில் வருவது ஏறத்தாழ ஒரு வோல்ட். காமிராவின் மைக் துளை எதிர்பார்ப்பதோ சில மில்லிவோல்ட். நேரே இணைத்தால் பேச்சு முழுவதும் கரகரத்துப் போகும். அளவைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் வைத்த கம்பி வேண்டும். ஒலிபெருக்கிக் குழாய்களுக்குச் செல்லும் கம்பியை மட்டும் எக்காரணம் கொண்டும் காமிராவில் இணைக்கலாகாது. அதில் 100 வோல்ட் வரையிலும் இருக்கக்கூடும். மைக் செட்காரரைக் கேட்டுச் செய்வதே முறை. இவ்வழியில் பதிவாவது மைக்கில் பேசியவர் பேச்சு மட்டுமே என்பதையும் மறத்தலாகாது.

ஒலி அளவைத் தானே சரிசெய்துகொள்ளும் தானியங்கி முறை எல்லாக் காமிராக்களிலும் உண்டு. கல்யாண வீட்டுக்கு அது உதவலாம். கிராம சபையில் அது செய்யும் கேடு நுட்பமானது. மேடையிலிருந்து உரத்த அறிவிப்பு வருகிறது. காமிரா உடனே தன் செவியைச் சுருக்கிக்கொள்கிறது. அறிவிப்பு முடிந்தவுடன் ஒருவர் மெல்லிய குரலில் தம் குறையைச் சொல்லத் தொடங்குகிறார். காமிரா மறுபடி செவியை விரிப்பதற்குள் அவர் தம் பெயரையும் தெருவையும் சொல்லி முடித்திருப்பார். எனவே ஒலி அளவைக் கையால் வைக்கும் முறைக்கு மாற்றி, சாதாரணப் பேச்சின் உச்சம் காமிராவின் அளவுகோலில் கழித்தல் 12 டெசிபெல்லைத் தொடும்படி வைத்துவிட்டால் பெரும்பாலும் போதும்.

காற்றுக்கு மைக்கின் மீது ஸ்பாஞ்சு உறை போடுங்கள். ஆடிக் காற்றுக்கு அதுவும் போதாது. நீண்ட மயிரடர்ந்த உறை விற்கிறது, அதை மேலே போட வேண்டும். இவ்வளவும் செய்தபின் ஹெட்போனை மாட்டிக்கொள்ளுங்கள். மாட்டாமல் எடுப்பவர், கண்ணை மூடிக்கொண்டு ஏர் பிடிப்பவரை ஒப்பர். மைக்கின் பாட்டரி தீர்ந்துபோனதும், கம்பி கழன்றதும் ஹெட்போன் இல்லாதவருக்கு வீட்டில்தான் தெரியும்.

ஸ்டாண்டும் வெளிச்சமும்

மூன்று கால் ஸ்டாண்டு இல்லாமல் மூன்று மணி நேரம் எடுக்க எவராலும் இயலாது. வாங்கும்போது எடை குறைவானதைத் தேட வேண்டா. கால்களை நீட்டும்போது பருமனான பகுதியை முதலில் நீட்டி, மெல்லிய பகுதியைக் கடைசிக்கு வைத்துக்கொள்க. நடுத்தண்டின் கொக்கியில் மணல் நிரப்பிய சாக்குப் பை ஒன்றைத் தொங்கவிட்டால் காற்றுக்கு அசையாது. தலைப்பகுதியிலுள்ள நீர்மட்டக் குமிழி நடுவில் நிற்கட்டும். கொத்தனாரின் ரசமட்டம் போன்றதே அது. ஸ்டாண்டில் ஏற்றியவுடன் காமிராவின் நடுக்கம் தடுக்கும் ஏற்பாட்டை நிறுத்திவிடுக; நிறுத்தாவிடில், மெல்லத் திருப்பும்போது படம் இழுத்துப் பிடித்தாற்போல் தாவும்.

ஸ்டாண்டை எங்கே நிறுத்துவது? மேடைக்கு நேர் எதிரே, கூட்டத்திற்குப் பின்னால் நிறுத்துவதே வழக்கமாக இருக்கிறது. அங்கிருந்து மக்களின் முதுகுகள்தாம் தெரியும். மேடையின் பக்கவாட்டில், முன் மூலையில் நிறுத்துங்கள். ஒரு புறம் திருப்பினால் மக்கள் முகம், மறுபுறம் திருப்பினால் மேடை. மேடையிலிருப்பவர் ஊராட்சித் தலைவராயினும் தனி அலுவலராயினும் காமிரா பெரும்பொழுதும் மக்களை நோக்கியே இருக்கட்டும்; விடை சொல்பவர் குரல் எப்படியும் கேட்கும்.

கூட்டத்தின் தொடக்கத்தில், ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை மிக மெதுவாகத் திருப்பி, வந்திருப்போர் யாவரையும் ஒரு முறை பதிவு செய்வது நல்லது. ஐந்நூறு வரை மக்கள்தொகையுள்ள ஊராட்சிக்கு 50 பேர், மூவாயிரம் வரை 100 பேர், பத்தாயிரம் வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் என்று குறைவெண் வரம்பு விதிக்கப்பட்டிருப்பதை உறுப்பினர்கள் அறிவர். பின்னாளில் எழும் பல வாதங்களுக்கு இந்த அரை நிமிடப் படம் விடை சொல்லும்.

வெளிச்சத்தில் ஒன்றே ஒன்றைக் கவனித்தால் போதும். நம் கூட்டங்கள் புளிய மரத்தடியிலும் ஆல மரத்தடியிலும் நடக்கின்றன. நிழலில் மனிதர், பின்னால் கொளுத்தும் வெயில். வெண்மையான வேட்டியும் சட்டையும் வேறு. காமிரா அவ்வெண்மையையும் வெயிலையும் கண்டு மிரண்டு படத்தை இருட்டாக்கிவிடும். முகங்கள் கரிப் பூசினாற்போல் தோன்றும். தானியங்கியை நிறுத்தி, முகத்தின் மூக்கும் கண்ணும் தெளியும் வரை எக்ஸ்போஷரைக் கூட்டுங்கள். பின்னாலுள்ள வெயில் வெளுத்துப் போனால் போகட்டும். சட்டையைப் பார்க்க அல்லவே நாம் படம் எடுப்பது.

வொயிட் பாலன்ஸ் என்னும் வெண்மைச் சமன்பாட்டுக்கு எதிரிலிருப்பவர் வேட்டியைக் காட்டிச் சரிசெய்வோர் பலர். நீலம் போட்டுத் துவைத்த வேட்டியாயின் காமிரா ஏமாந்து, படம் முழுவதையும் மஞ்சள் பாரிக்கச் செய்துவிடும். சாதாரணச் சாம்பல் நிற அட்டை ஒன்றைப் பையில் வைத்திருங்கள்.

மின்சாரமும் மெமரி கார்டும்

பாட்டரி மூன்று வேண்டும். காமிராவுடன் வருவது ஒன்றரை மணி நேரம் தாங்கினாலே அதிகம். லிதியம் பாட்டரியை முழுக்க நிரப்பியோ முழுக்கக் காலியாக்கியோ மாதக் கணக்கில் பீரோவில் வைத்தால் அதன் ஆயுள் குறையும். பாதி அளவில் வைத்து, கூட்டத்திற்கு முதல் நாள் நிரப்புக. வெயிலில் நிற்கும் ஜீப்பில் விட்டுவிட்டு வரலாகாது. மின்கம்பி இழுத்து எடுப்பதாயின், மக்கள் கால் இடறாதபடி சுவரோரமாகக் கொண்டுவந்து தரையில் ஒட்டிவிடுங்கள்.

மெமரி கார்டு இரண்டு இருக்கட்டும். மேலே சொன்ன தரத்திற்கு 10 என்று வட்டத்துள் குறித்த கார்டு தாராளமாகப் போதும். புதுக் கார்டைக் கணினியில் அல்ல, அதே காமிராவில்தான் ஃபார்மட் செய்ய வேண்டும். காமிராவின் கடிகாரத்தில் நாளும் மணியும் சரியாயுள்ளனவா என்பது அற்பமாகத் தோன்றும். பின்னர்ச் சான்று என்று நீட்டும்போது முதலில் கேட்கப்படுவது அதுவே. கூட்டம் முடிந்ததும் கார்டின் பக்கத்திலுள்ள பூட்டுத் தாழை நகர்த்திவிட்டால், தவறி அழிக்க இயலாது. அன்றே இரண்டு ஹார்டு டிஸ்குகளில் ஏற்றி, ஒன்றை ஊராட்சி அலுவலகத்திலும் மற்றொன்றை ஒன்றிய அலுவலகத்திலும் வையுங்கள். இரண்டும் ஒரே பீரோவில் இருந்தால் ஒரே மழை இரண்டையும் கொண்டுபோகும். இரண்டிலும் படம் ஓடுகிறதென்று பார்த்த பிறகே கார்டைக் காலி செய்யலாம். சுருக்கி வெட்டிய படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவது வேறு. மூலப்படத்தை யாரும் தொடலாகாது.

வயலிலும் ஏரியிலும்

இதே காமிரா மற்ற நாட்களில் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஏரி தூர் வாரும் வேலையாயின், வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் நின்று, ஒரே பக்கம் நோக்கி எடுக்க வேண்டும். மதகு, மின்கம்பம், கோயில் கோபுரம் என மாறாத ஒன்று இரு படங்களிலும் இருக்கட்டும். ஆழம் காட்ட அளவுகோல் ஒன்றை நட்டு, அருகில் ஓர் ஆளையும் நிறுத்திவிடுங்கள். கரையிலிருந்து தண்ணீரை மட்டும் காட்டும் படம் எந்த ஏரிக்கும் பொருந்தும்.

உழவர்க்கு உழவரே சொல்லும் படங்களின் பயன் நம் நாட்டிலேயே சோதித்து அறியப்பட்டதாகும். பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சி நிலையத்தில் 2006-இல் தொடங்கிய ‘டிஜிட்டல் கிரீன்’ என்னும் முயற்சி, கர்நாடகக் கிராமங்களில் அவ்வூர் விவசாயிகளையே படமெடுத்து, மாலை வேளைகளில் அவர்களுக்கே போட்டுக் காட்டியது. 16 கிராமங்களில் நடந்த சோதனையில், செலவிட்ட பணத்திற்கு வந்த பலன், வழக்கமான விரிவாக்க முறையைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்கு என்று கண்டனர். படத்தைப் பார்த்தவர்கள் முதலில் கேட்டது, அந்த விவசாயியின் பெயர் என்ன, எந்த ஊர் என்பதாகும். ஆகவே படத்தின் தொடக்கத்திலேயே அவர் தம் பெயரையும், ஊரையும், நிலத்தின் அளவையும், பாசன வசதியையும் தம் வாயாலேயே சொல்லட்டும். பின்பு காமிரா முகத்தை விட்டு அவர் கைகளுக்கு இறங்க வேண்டும். விதை நேர்த்தி செய்யும் கையை, அவர் தோளுக்குப் பின்னிருந்து, பார்ப்பவர் தாமே செய்வதுபோல் தோன்றும்படி எடுத்தால், சொல்லாமலே விளங்கும். ஒவ்வொரு காட்சியையும் பத்து விநாடியாவது அசையாது பிடியுங்கள்.

யாருக்கு முதலில் காட்டுவது?

காமிராவினால் நன்மை விளைவது போலவே தீமையும் விளையக்கூடும். பலர் முன்னிலையில் பேசத் துணிந்த ஒரு பெண்ணின் குறை, மறுநாள் ஊரெல்லாம் செல்போனில் சுற்றினால், அடுத்த கூட்டத்திற்கு அவர் வரமாட்டார். படம் எடுக்கப்படுகிறது என்பதையும், அது எங்கு வைக்கப்படும் என்பதையும் கூட்டத் தொடக்கத்தில் அறிவியுங்கள். வீட்டு வழக்கு, நோய், குழந்தை தொடர்பான செய்தியை ஒருவர் சொல்லத் தொடங்கினால் காமிராவைத் தாழ்த்திவிட்டுத் தனியே மனு வாங்கிக்கொள்வது பண்பு. ஆதார் எண்ணையும் வங்கிப் புத்தகத்தையும் காட்டிப் பேசும் பகுதிகள் வெளியே செல்லவே கூடாது.

இதில் கனடா நாட்டிலிருந்து கற்க வேண்டியது ஒன்று உண்டு. அந்நாட்டு நியூஃபவுண்ட்லாந்தைச் சார்ந்த ஃபோகோ என்னும் தீவில் மீனவர் வாழ்கின்றனர். மீன்பிடித் தொழில் நலிந்தமையால், அவர்களை வேறிடம் குடியேற்றலாமா என்னும் பேச்சு எழுந்தது. 1967-இல் கனடா தேசியத் திரைப்பட வாரியத்தைச் சேர்ந்த காலின் லோ என்பவர் அங்கு சென்று, மீனவர் பேச்சைச் சிறு சிறு படங்களாக எடுத்தார். அப்படங்கள் முதலில் அத்தீவினருக்கே காட்டப்பட்டன. ஒரு பகுதியினர் படும் பாட்டை மறு பகுதியினர் அப்போதுதான் கண்டனர். பின்னர் அவை அரசினருக்குக் காட்டப்பட்டன. மீன்வளத் துறை அமைச்சர் சொன்ன மறுமொழியும் படமாக்கப்பட்டுத் தீவினரிடம் வந்தது. மீனவர் கூட்டுறவுச் சங்கம் அமைத்துக்கொண்டனர்; தீவைவிட்டுப் போகவில்லை. படம் மட்டும் இதைச் சாதித்ததென்று சொல்லமாட்டோம். எடுத்த படத்தை, எடுக்கப்பட்டவர்க்கே முதலில் காட்டிய முறை சாலச் சிறந்தது என்பதில் ஐயமில்லை.

நம் ஊராட்சிகளிலும் கூட்டம் முடிந்த ஒரு வாரத்திற்குள், நூலகக் கட்டடத்திலோ பள்ளியிலோ ஒரு மாலை அப்படத்தைப் போட்டுக் காட்டலாம். கூடவே நடவடிக்கைக் குறிப்பையும் படிக்கட்டும். ‘சபாசார்’ எழுதியதாயினும், செயலர் எழுதியதாயினும், பேசியவர் பெயரும் தெருவும் கோரிக்கையும் சரியாக ஏறியுள்ளனவா என்று பேசியவரே சொல்லிவிடுவார். நம் ஒன்றியத்தில் இதைச் செய்துவரும் ஓர் ஊராட்சியில், முதல் மாலையிலேயே குறிப்பில் விடுபட்ட ஏழு கோரிக்கைகள் வெளிவந்தன. அவற்றுள் நான்கு பெண்கள் சொன்னவை.

பேணும் முறையைச் சுருங்கச் சொல்வோம். லென்சை வேட்டி முனையால் துடைக்க வேண்டா. அதில் மண் துகள் இருக்கும். முதலில் ரப்பர் ஊதியால் ஊதிவிட்டு, பிறகு மென்துணியால் துடைக்கவும். ஐப்பசி, கார்த்திகை மாத ஈரத்தில் லென்சினுள் பூஞ்சை படரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில், சிலிகா ஜெல் பொட்டலங்களோடு காமிராவை வைக்கவும். பொட்டலங்கள் ஈரத்தை உறிஞ்சி ஓய்ந்தபின் மாற்ற வேண்டும்.

கடைசியாக, பழைய டேப்புகளைப் பற்றி ஒரு வேண்டுகோள். 1995-இல் வந்த டி.வி. முறை காமிராக்கள் சிறு டேப்புகளில் பதிவு செய்தன. அத்தகைய டேப்புகள் இன்னும் பல அலுவலக பீரோக்களில் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. அவற்றை ஓட்டும் காமிராக்கள் பழுதாகி வருகின்றன. அவற்றை இணைக்கும் ஃபயர்வயர் துளை இக்காலக் கணினிகளில் இல்லை. பக்கத்து நகரில் பழைய வீடியோ ஸ்டூடியோ எதிலேனும் இவ்விரண்டும் இருக்கக்கூடும்; இப்போதே விசாரியுங்கள். ஒரு மணி நேர டேப்பை மாற்ற ஒரு மணி நேரம் ஆகும். கணினியில் 13 கிகாபைட் இடம் பிடிக்கும். உறையில் நாள் குறிக்காத டேப்புகளை முதலில் எடுங்கள். அவற்றில் பேசுவோர் யார், எந்தத் தெருவினர் என்று சொல்லக்கூடிய முதியவர்கள் ஊரில் இருக்கும்போதே அருகில் அமர்த்திக் கேட்டு, பெயர்களை எழுதிக்கொள்ள வேண்டும்.